மழை கூரை மேல் நடக்கிறது என்று பிள்ளை சொன்னால் திருத்த வேண்டுமா?

லயத்துப்பேத்தி (பெஸ்தாரி ஜெயா)
செவ்வாய், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக மனசில் கிடக்கிறது, இங்கே கேட்டுவிடுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. போன வாரம் பாலர் பள்ளியில் மழையைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்களாம். இவள் எழுந்து, "மழை எங்க வீட்டுக் கூரை மேல நடக்குது" என்று சொல்லியிருக்கிறாள். "மழை நடக்காது, பெய்யும். சரியாகச் சொல்" என்று திருத்தியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலுறையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, மழைக்குக் கால் இல்லையாம்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் மழை பெய்தது. சன்னல் பக்கம் போய் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டின் பின்னால் செம்பனைக் காடு, எண்ணெய்ப் பனைத் தோட்டம். மழை எப்போதும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். முதலில் கடைசி வீட்டுத் தகரத்தில் சத்தம் கேட்கும், அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் எங்கள் அடுப்படிக் கூரை, அதைத் தாண்டி முன் வாசல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ தகரத்துக்குத் தகரம் கால் வைத்துப் போகிற மாதிரியேதான் இருக்கும். முப்பத்து நான்கு வருஷமாக மழையைக் கேட்கிற எனக்கு அது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இவளுக்குக் கவிதை சொல்லித்தர ஆசையாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது நிலாப் பாட்டும் ஆத்திசூடியும்தான். எங்கே தொடங்குவது? இந்த வயதில் என்ன சொல்லலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செம்பனைக்காடு
செவ்வாய், இரவு 11.02

அக்கா, நான் எண்ணெய் ஆலையில் இரவு வேலை பார்க்கிறேன், ஓய்வு நேரத்தில் எழுதுகிறேன். கவிதை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எங்கள் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள், கம்பத்தின் மேல் மரப்பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். என் மகன் ஆறு வயதில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆந்தை யாருக்கு வாடகை கட்டுது?" என்று கேட்டான். அந்த மாதம் எங்கள் வீட்டில் வாடகைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டிருப்பான். நானும் யோசித்து, "எலியாக் கட்டுது" என்று சொன்னேன். இன்றுவரை அந்தப் பக்கம் போனால், "இந்த மாசம் கட்டிட்டாரா?" என்று கேட்பான். இதெல்லாம் கவிதைக் கணக்கில் வருமா என்று தெரியவில்லை. உங்கள் மகள் சொன்னதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.


கிள்ளான் அத்தை
புதன், காலை 7.20

தங்கச்சி, வருத்தப்படாதே, நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வயதில் பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போய்விடும். எழுத, படிக்க, மூன்று மொழி. என் அக்கா மகன் வீட்டில் பேசுவதில் பாதி மலாய், மீதி ஆங்கிலம், நடுவில் தமிழ். "மழை பெய்யுது" என்று சொல்ல அவனுக்கு வராது, "மழை வருது" என்பான், இல்லாவிட்டால் "ஹுஜான்" என்பான். அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் "பெய்" என்ற வினைச்சொல்லைக் காப்பாற்ற நினைக்கிற ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லே இல்லாத பிள்ளை எதை வைத்துக் கற்பனை செய்யும்? முதலில் சரியான சொல், பிறகு விளையாட்டு. எனக்குப் பட்டதைச் சொன்னேன்.


பாலர்பள்ளி டீச்சர்
புதன், இரவு 9.45

அத்தை சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளைக்குச் சொல் வேண்டும். ஆனால் "பெய்" என்ற சொல்லைக் கொடுக்க "நட" என்ற சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. பதினெட்டு வருஷமாகப் பாலர் பள்ளியில் இருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் நான் இப்படிக் கேட்டிருப்பேன்: "ஆமாவா? எந்தப் பக்கமிருந்து நடந்து வந்துச்சு? லேசாப் பெய்யும்போது எப்படி நடக்கும்? கனமாப் பெய்யும்போது?" நான் இரண்டு தடவை "பெய்" சொல்லிவிட்டேன், பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். "லேசாப் பெஞ்சா பூனை மாதிரி நடக்கும்" என்று பதில் வந்தால் சொல்லும் வந்தது, உவமையும் வந்தது.

லயத்துப்பேத்தி, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். புத்தகத்தை இப்போது தேடாதீர்கள். காதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் தகரக் கூரை இருக்கிறது, அது பெரிய வசதி.

இரட்டைக்கிளவி தெரியுமல்லவா, சலசல, மடமட, தகதக. பின்னால் பள்ளிப் பாடத்தில் மனப்பாடமாக வரும். அதற்கு முன்னாலேயே பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கலாம். மழை பெய்யும்போது உட்கார்ந்து, தகரத்தில் விழுகிற சத்தத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வாளியில் விழுவது, செம்பனை ஓலையில் விழுவது, மண்ணில் விழுவது. "டங்டங்", "சொதசொத", "பொதுபொது" என்று பிள்ளைகளே ஆளுக்கொன்று செய்வார்கள். அகராதியில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் இல்லை, சேர்ந்து நின்றால்தான் உயிர். ஐந்து வயதுப் பிள்ளை அதைச் சொல்லிக்கொடுக்காமலேயே புரிந்துகொள்கிறது.

அடுத்தது மோனையும் எதுகையும். பெயர் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஆங்கிலப் பாட்டில் ஓசை வரிக் கடைசியில் மணி அடிக்கும். நம் பாட்டில் அதிகமாக வரித் தொடக்கத்தில் அடிக்கும். அதனால்தான் ஆங்கிலப் பாட்டை அப்படியே தமிழாக்கி, கடைசியில் மட்டும் ஓசை வைத்த பாட்டுகள் பிள்ளை வாயில் நிற்பதில்லை என்று நான் நினைக்கிறேன். "காக்கா" என்று நீங்கள் தொடங்கினால் "கறுப்பு, கத்துது, கல்லு மேல" என்று பிள்ளை போகும், அது மோனை. "பட்டு" என்றால் "தட்டு, மொட்டு, கட்டு" என்று போகும், அது எதுகை. ஒரு நாள் ஒரு பையன் "பாட்டு" என்று சேர்த்தான். பக்கத்துச் சிறுமி, "இல்ல டீச்சர், அது நீளமா இருக்கு" என்றாள். முதல் எழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும் என்று யாப்பில் ஒரு விதி இருக்கிறது. அவளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அவள் காது சொன்னது.

மூன்றாவதாக ஒன்று, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுங்கள். திருத்தாமல், அழகாக்காமல், "நடக்குது" என்றால் "நடக்கிறது" ஆக்காமல். தேதி போடுங்கள். ராத்திரி தூங்கும் முன் படித்துக் காட்டுங்கள். தான் சொன்னது காகிதத்தில் இருக்கிறது, அம்மா அதைக் குரல் கொடுத்துப் படிக்கிறாள் என்று தெரிந்த பிள்ளை மறுநாள் இன்னும் உற்றுப் பார்க்கும்.

ஒரு பாட்டைச் சொல்லி முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்க வேண்டாம். நானே முதல் நாலைந்து வருஷம் அப்படிக் கேட்டேன். பிள்ளைகள் முகம் உடனே பாடம் கேட்கிற முகமாக மாறிவிடும்.


பழைய வாத்தியார்
வியாழன், காலை 6.05

மகளே, உன் பதிவைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது. நிலா நிலா ஓடி வா என்று எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிறோமே, நிலாவுக்குக் கால் எங்கே இருக்கிறது? நிலா ஓடி வரலாம், மழை நடக்கக் கூடாதா?

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவார்கள். குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுகிறதே, அதற்குச் செங்கீரை என்று பெயர் வைத்தார்கள். கைகொட்டுகிற பருவத்துக்குச் சப்பாணி. தால் என்றால் நாக்கு, நாக்கை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. அம்புலி என்று ஒரு பருவம், அதில் நிலாவைக் குழந்தையோடு விளையாடக் கூப்பிட வேண்டும். சும்மா கூப்பிடுவதில்லை. நீயும் இவனும் ஒன்று என்று சொல்லிப் பார்ப்பார்கள், உன்னைவிட இவன் உயர்ந்தவன் என்பார்கள், வந்தால் இன்னது தருவோம் என்பார்கள், வராவிட்டால் தண்டனை உண்டு என்று மிரட்டவும் செய்வார்கள். சாம, பேத, தான, தண்டம் நான்கும் நிலாவிடம்! இதைப் பாடியவர்கள் பெரும் புலவர்கள். கடவுளையும் தலைவர்களையும் குழந்தையாக வைத்துப் பாடினாலும், அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அச்சு வீட்டு முற்றத்தில் ஒரு தாய் பேசுகிற பேச்சுதான்.

இன்று இரவு நிலா இருந்தால் உன் மகளை வெளியே கூட்டிப்போ. நிலாவை எப்படிக் கூப்பிட்டால் இறங்கி வரும் என்று அவளிடமே கேள். கெஞ்சுகிறாளா, மிட்டாய் தருகிறேன் என்கிறாளா, மிரட்டுகிறாளா என்று பார்.

விடுகதையையும் விட்டுவிடாதே. தொல்காப்பியம் செய்யுள் வகைகளை எண்ணும்போது பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு பிசியையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. பிசி என்றால் விடுகதை. ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் அதைக் காட்ட வேண்டும், அதுவே பாதிக் கவிதை. நான் தோட்டத்துப் பள்ளியில் இருந்த காலத்தில் பிள்ளைகளே கட்டிய விடுகதைகள் இரண்டு இன்னும் நினைவில் இருக்கின்றன. "கத்தியால கீறினா அழாது, கோப்பையில பால் கொடுக்கும்." பால்மரம், அதாவது ரப்பர். "தலை நெறைய ஓலை, கக்கத்துல செவப்பு முட்டை." செம்பனை. இரண்டாவதைச் சொன்ன பையன் எழுத்தில் பின்தங்கியவன். அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மனப்பாடத்தை யாரும் கீழாக நினைக்க வேண்டாம். ஆத்திசூடியை ஐந்து வயதில் ராகம் போட்டுச் சொல்லட்டும். பொருள் பிறகு வரும், சிலவற்றுக்கு முப்பது வருஷம் கழித்துக்கூட வரும். மனப்பாடம் மட்டும் என்று நிறுத்திவிடுவதுதான் தவறு.


கொட்டகைப் பேரன்
வியாழன், இரவு 8.30

இது என் பாட்டி சொல்லச் சொல்ல நான் தட்டுவது. பாட்டி பழைய ரப்பர்த் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஆயாவாக இருந்தவர்.

வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் விடியுமுன்பே மரம் வெட்ட, அதாவது பாலுக்காகப் பட்டையைக் கீற, போய்விடுவார்கள். இருட்டிலேயே தாய்மார்கள் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) ஓடுவார்கள். வரிசையாகத் தூளி தொங்கும். ஒரு பிள்ளை அழுதால் எல்லாம் அழும். பாட்டி ஒரு கையால் ஒரு தூளியையும் காலால் இன்னொரு தூளியையும் ஆட்டிக்கொண்டே பாடுவாராம். கேட்டு வந்த தாலாட்டில் மாமன் மாட்டு வண்டி கட்டி வருவார், அத்தை மல்லிகைச் செண்டு கொண்டுவருவார். "இங்க எந்த மாமன் மாட்டு வண்டில வந்தான்? எல்லாம் பால் வாளிதான். அதனால நானே மாத்திப் பாடிட்டேன்" என்கிறார். அவர் கட்டியது இது:

உளி எடுத்துப் போன அம்மா
உச்சி வெயிலில் வந்திடுவா
வாளி நெறைய மரத்துப் பாலு
மாரு நெறைய உனக்குப் பாலு

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரை வைத்து இரண்டு வரி தனியாக இருக்குமாம். எத்தனை பெயர் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பதினொன்று சொன்னார். அதில் மூன்றாவது என் அப்பா.

அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. கொட்டகை இருந்த இடமே தெரியாது. பாட்டி உங்கள் மகளுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார்: "மழை நடக்கும், பார்த்திருக்கேன். பால் நேரத்துல வந்தா ஓடும்."


செம்பனைக்காடு
வியாழன், இரவு 11.10

பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்கள் தம்பி. மழை வந்து கோப்பையில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அன்றைய பால் வீண். அதைத்தான் சொல்கிறார். என் அம்மாவும் மரம் வெட்டியவர்.

டீச்சரிடம் ஒரு கேள்வி. என் இளைய மகள் மூன்று வயது. ஹேன்போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுகிறாள். அந்தப் பாட்டுகளும் தமிழ்தானே, அது போதாதா?


பாலர்பள்ளி டீச்சர்
வெள்ளி, காலை 6.50

போட்டுக்கொடுங்கள், தப்பில்லை. ஆனால் ஹேன்போன் பாட்டில் யானையைப் பாடும்போது யானையும் திரையில் வந்துவிடுகிறது. பிள்ளை செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடுகிறது. நீங்கள் பாடினால் யானை பிள்ளையின் தலைக்குள் வரும், அதற்கு என்ன நிறம் என்று நீங்கள் கேட்கலாம். இன்னொன்று, அது நிற்காது, உங்கள் பிள்ளை நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் அதற்குக் கேட்காது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாய்க்கு ஒரு வரி நீங்கள் சொல்லுங்கள், கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள், அவள் முடிக்கட்டும். உங்கள் குரல் நன்றாக இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பா குரலைவிட நல்ல குரல் இல்லை.


கிள்ளான் அத்தை
சனி, பிற்பகல் 2.15

எல்லாவற்றையும் படித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

நேற்று அக்கா மகனுக்குப் பள்ளியில் கொடுத்த பந்துன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மலேசியாவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த மலாய்க் கவிதை, நாலு வரி, ஒன்றுவிட்டு ஒரு வரி ஓசை ஒக்கும். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்களே, அதுதான். அதில் முதல் இரண்டு வரிக்குப் பெம்பாயாங் என்று பெயர். ஆற்றையோ பழத்தையோ பறவையையோ காட்டும். சொல்ல வந்த செய்தி பின் இரண்டு வரியில்தான் வரும். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், முதலில் காட்சி, பிறகுதான் பொருள் என்று அது கட்டப்பட்டிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். மலாய்ப் பாடத்தில் அதை ஆசையாகக் கற்கிற பிள்ளையிடம் தமிழில் மட்டும் காட்சியை விட்டுவிட்டுச் செய்தியை முதலில் கேட்கிறோம்.

அவனைத் தமிழில் ஒரு பந்துன் கட்டச் சொன்னேன். இரண்டு வரி கட்டினான். "பெய்யுது" வந்தது.


லயத்துப்பேத்தி (பெஸ்தாரி ஜெயா)
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மழை வந்த அன்று அடுப்படியில் பாய் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "இப்ப எங்க நடக்குது?" என்று கேட்டேன். "மழைக்குக் கால் இல்லம்மா" என்றாள், என்னைத் திருத்துகிற மாதிரி. வாத்தியார் ஐயா சொன்னதை அப்படியே கேட்டேன், "அப்போ நிலாவுக்கு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பக்கத்து வீட்டுத் தகரத்தில் சத்தம் கேட்டதும், "அங்கிள் வீட்டுக்கு வந்துட்டாரு" என்றாள். எங்கள் கூரைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செருப்புப் போட்டிருக்காரு" என்றாள். அதுதான் நோட்டில் முதல் வரி.

எங்கள் ஊருக்கு 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தாய் என்று பெயர். என் பாட்டி இன்னும் அப்படித்தான் சொல்வார். பத்தாங் என்றால் மரத்தண்டு, பெர்ஜுந்தாய் என்றால் தொங்குவது. அதை அவளுக்குச் சொன்னேன். "எதைப் பிடிச்சுத் தொங்குது?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், என் வாயில் அந்தக் கேள்வி வந்ததில்லை. அவளே பதிலும் சொன்னாள், "ஆத்தைப் பிடிச்சு."

அப்புறம் நேற்று ராத்திரி கம்போங் குவாந்தான் போனோம், மின்மினி பார்க்க. அதே சிலாங்கூர் ஆறுதான், எங்கள் ஊரைத் தாண்டிக் கீழே போகிறது. துடுப்புப் போடுகிற சம்பானில் நாங்கள் மூன்று பேர், பின்னால் படகோட்டி. விளக்கு இல்லை. நல்லவேளை நிலாவும் இல்லை. கரையில் பெரெம்பாங் மரங்கள், இலை இலையாக மின்மினி. அங்கே இருக்கிற வகை ஒன்றுபோல மின்னும், ஒரு மரம் முழுக்க ஒரே நேரத்தில் எரியும், ஒரே நேரத்தில் அணையும். என் கணவர் "கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கு, இல்ல?" என்று அவளிடம் கேட்டார். நான் அவர் கையைத் தட்டினேன், நாம் முதலில் சொல்லிவிட்டால் அவள் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. படகு திரும்பும்போது என் காதில் வந்து மெதுவாக, "மரம் மூச்சு விடுது" என்றாள்.

இருட்டில் எழுத முடியவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று காரில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

திங்கள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகப் போகிறேன். சண்டைக்கு இல்லை, ஆசிரியையிடம் காட்டத்தான்.

செம்பனைக்காடு அண்ணா, உங்கள் மகனுக்கு என் மகள் ஒரு விடுகதை கொடுத்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே தானாகக் கட்டியது, நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை: "போறப்ப வயிறு காலி. வர்றப்ப முதுகு நெறைய செவப்பு. காலு பத்து."


செம்பனைக்காடு
திங்கள், காலை 7.40

வேலை முடிந்து வந்து படித்துக்காட்டினேன். இரண்டு தடவை கேட்டான். காலை விரல் விட்டு எண்ணினான். "ஆலைக்கு வர்ற லோரி!" என்று கத்தியதில் சின்னவள் எழுந்துவிட்டாள்.

பதிலுக்கு அவன் ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறான். ஆந்தையைப் பற்றியதாம், இன்னும் முடியவில்லை. பள்ளி பஸ் வந்துவிட்டது.